புது ஷூவை அறுத்து ஒட்டிய கதை

எனக்கு இடது காலில் இளம்பிள்ளை வாதம். விவரம் தெரியாத வயதில் வந்தது, அதனால் இரண்டு காலும் ஒன்றுபோல இருந்த காலம் என் நினைவிலேயே இல்லை. இடது கால் நீளத்தில் குட்டை, பாதமும் சின்னது, போதாததற்குப் பாதம் கீழே தொங்கும். அதைத் தூக்கிப் பிடிக்க முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேயிருந்து விரல் நுனிவரை வரும் பிளாஸ்டிக் கேலிப்பர் போட்டிருக்கிறேன். இத்தனையையும் ஒரு ஷூவுக்குள் அடக்க வேண்டும், அது பார்க்கவும் லட்சணமாக இருக்க வேண்டும் என்று கேட்டால் கடையில் இருப்பவர் என் காலை ஒருமுறை, முகத்தை ஒருமுறை பார்ப்பார். அப்புறம் உள்ளே போய்ப் பெரிய கறுப்புச் செங்கல் ஒன்றை எடுத்துவருவார். முன்பக்கம் உருண்டையாக, மேலே இரண்டு வெல்க்ரோ பட்டையோடு இருக்கும். "இதுதான் சார் உங்களுக்கு வசதி." வசதிதான், மறுக்கவில்லை. இருபது வருடம் அதைத்தான் போட்டேன். நல்ல சட்டை, நல்ல பேன்ட் எல்லாம் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றால் கீழே மட்டும் வேறு யாருடைய காலோ நிற்பது மாதிரி இருக்கும்.

போன வருடம் மேடையேறிப் பேச வேண்டிய ஒரு வேலை வந்தது. அதற்காகப் பழுப்பு நிறத்தில் லேஸ் கட்டும் தோல் ஷூ ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தேன். கடைசியில் அது கிடைத்தது. கிடைத்தது என்பதைவிட, வாங்கி, அறுத்து, நடுவில் அடுக்கு வைத்து ஒட்டி, வாயைப் பிரித்துத் தைத்து உண்டாக்கினோம் என்பதுதான் சரி. என்ன செய்தோம், எங்கே சொதப்பினேன் என்பதை எழுதிவைக்கிறேன். என்னைப் போல ஒரு கால் ஒரு மாதிரி இருப்பவர்களுக்கு ஏதாவது ஒரு வரியாவது உதவும்.

முதல் சொதப்பல் அளவில். இத்தனை நாளும் கேலிப்பர் நுழையும் அளவில் ஒரு ஜோடி வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன், இடது காலுக்குப் பொருந்தினால் சரி என்று. அதனால் வலது கால் ஷூவுக்குள் நீந்திக்கொண்டிருந்தது. என் உடம்பை முழுசாகச் சுமக்கிற நல்ல கால் அது, அதற்குத்தான் சரியான ஷூ முதலில் வேண்டும் என்பது இவ்வளவு வயதுக்கு அப்புறம்தான் உறைத்தது.

சாயங்காலமாகப் பார்த்து அளந்தேன். நாள் முழுக்க நடந்த பிறகு பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், காலையில் எடுத்த அளவில் வாங்கினால் மாலையில் கடிக்கும். தரையில் காகிதத்தை ஒட்டி, குதிகாலைச் சுவரில் முட்டவைத்து, எழுந்து நின்று எடை முழுவதையும் அந்தக் காலில் போட்டு, வேறொருவரைப் பென்சிலால் கோடு போடச் சொன்னேன். பென்சில் செங்குத்தாக இருக்க வேண்டும், உள்பக்கம் சாய்ந்தால் அளவு குறையும். நாமே குனிந்து போட்டால் எடை மாறிவிடும். வலது பாதம் 262 மி.மீ., இடது வெறும் பாதம் 241 மி.மீ. பிரிட்டிஷ் அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மி.மீ. வித்தியாசம். அப்படியானால் என் இரண்டு பாதங்களுக்கும் நடுவே இரண்டரை அளவு இடைவெளி. ஆனால் இடது கால் வெறுமனே ஷூவுக்குள் போகப்போவதில்லையே. கேலிப்பரையும் சாக்ஸையும் போட்டு அளந்தால் 250 மி.மீ. வந்தது, அகலமும் ஏறிவிட்டது. வலதுக்கு 8, இடதுக்கு 7 என்று முடிவானது.

நீளத்தோடு விட்டுவிடாதீர்கள். குதிகாலிலிருந்து கட்டைவிரல் மூட்டுவரை எவ்வளவு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஷூ மடங்குகிற இடமும் கால் மடங்குகிற இடமும் ஒன்றாக இருந்தால்தான் அது காலோடு வரும். 1920களில் சார்லஸ் பிரானக் வடிவமைத்த அந்த உலோக அளவுத்தட்டு, ஷூக் கடைகளில் பார்த்திருப்பீர்கள், அதில் பக்கவாட்டில் நகரும் துண்டு ஒன்று இருப்பது இதற்காகத்தான். விரல் நுனியை மட்டும் பார்த்து அளவு சொல்கிறவர்கள் அந்தத் துண்டைத் தொடுவதே இல்லை.

ஒரே மாடலில் 8 ஒரு ஜோடி, 7 ஒரு ஜோடி, மொத்தம் இரண்டு ஜோடி வாங்கினேன். ஒற்றை ஷூவாகவோ, இரண்டு காலுக்கு இரண்டு அளவாகவோ விற்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள், அமெரிக்காவில் ஸாப்போஸ் என்ற இணையக் கடை 2020இல் அதைத் தொடங்கியது. நான் கேட்ட மாடலில் அப்படிக் கிடைக்கவில்லை. மீந்த இடது 8, வலது 7 இரண்டையும் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது உண்மை. ஆனால் அந்த மிச்சம்தான் பின்னால் என்னைக் காப்பாற்றியது.

இன்னொரு தப்பையும் சொல்ல வேண்டும். இந்த மாடலுக்கு முன்னால் அசல் ஃபார்மல் ஷூ ஒன்றை ஆசையாக வாங்கினேன். தோல் சோல், கூரான மூக்கு, பின்னால் நல்ல ஹீல். கேலிப்பர் எப்படியோ நுழைந்துவிட்டது. எழுந்து நின்றேன், இடது முழங்கால் தானாக முன்னால் மடிந்தது. நிமிர்ந்து நின்றால் மறுபடி மடிகிறது. என் கால் பலவீனமானதுதான், ஆனால் அன்றைக்கு யாரோ முழங்காலுக்குப் பின்னால் நின்று தட்டிவிடுவது மாதிரி இருந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கேலிப்பர் செய்து தந்தவரிடம் கேட்டபோதுதான் விளங்கியது. கணுக்கால் அசையாத கேலிப்பர் என்பது ஒரு குறிப்பிட்ட ஹீல் உயரத்துக்குச் செய்யப்பட்டது. குதிகாலுக்கு அடியில் இருக்கும் தடிப்புக்கும் முன்பாதத்துக்கு அடியில் இருக்கும் தடிப்புக்கும் உள்ள வித்தியாசம் மாறினால் கேலிப்பர் மொத்தமாக முன்னாலோ பின்னாலோ சாயும். கணுக்கால் வளைந்து சமாளிக்க வழியில்லை, அதனால் அடி முழங்காலில் விழும். ஹீல் கூடினால் முழங்கால் முன்னால் தள்ளப்பட்டு மடியும், குறைந்தால் பின்னால் தள்ளப்பட்டு விறைக்கும். எனக்குச் செய்தது 10 மி.மீ. வித்தியாசத்துக்கு. அந்த ஃபார்மல் ஷூவில் அது 17 மி.மீ. இருந்திருக்கிறது. ஏழு மி.மீ.தான், ஒரு விரல் தடிப்புகூட இல்லை.

கடையில் இதை எப்படி அளப்பது என்று கேட்பீர்கள். ஷூவை மேஜையில் வையுங்கள். ஒரு மெல்லிய குச்சியைக் குதிகால் பக்கம் உள்ளே விட்டு, அடியில் முட்டியதும் ஷூவின் மேல்விளிம்பு வருகிற இடத்தில் நகத்தால் பிடித்துக்கொள்ளுங்கள். அது உள் ஆழம். அதே விளிம்பிலிருந்து மேஜைவரை வெளியே அளந்தால் மொத்த உயரம். இரண்டையும் கழித்தால் குதிகாலின் கீழ் உள்ள தடிப்பு. இதையே முன்பக்கம் நாக்கு ஆரம்பிக்கும் இடத்தில் செய்தால் முன்பாதத் தடிப்பு. ஒன்றிரண்டு மி.மீ. முன்னே பின்னே வரும், பரவாயில்லை. கடைக்காரர் விநோதமாகப் பார்ப்பார், அதுவும் பரவாயில்லை. இன்சோல் கழற்ற வருகிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். ஒட்டிவைத்த இன்சோல் என்றால் கேலிப்பர்காரர்கள் அந்த ஷூவை அப்படியே கீழே வைத்துவிடலாம்.

கடைசியில் தேர்ந்தெடுத்தது டெர்பி வகை. லேஸ் கட்டும் இரண்டு பக்கத் தோலும் முன்பக்கத் தோலின் மேலே தனியாக உட்கார்ந்திருக்கும், லேஸை அவிழ்த்தால் இரண்டும் கதவு மாதிரி விரியும். ஆக்ஸ்ஃபோர்டு வகையில் அந்தப் பக்கத் தோல் முன்பக்கத் தோலுக்கு அடியில் தைக்கப்பட்டிருக்கும், அழகுதான், ஆனால் வாய் திறக்காது. சோல் ஒரே தட்டையான ஈ.வி.ஏ. நுரை, அடியில் மெல்லிய ரப்பர். மேலே பார்த்தால் ஃபார்மல், கீழே பார்த்தால் நடைப்பயிற்சி ஷூ. இந்தக் கலப்பு ஜாதி இப்போது நிறைய வருகிறது, நமக்கு இது பெரிய வரம். சோலின் நிறம் அடர் பழுப்பு. இதை வேண்டுமென்றே எடுத்தேன், காரணம் பின்னால் வரும்.

இனி உயரம். கால் எவ்வளவு குட்டை என்பதைப் படுக்கவைத்து டேப்பால் அளப்பதைவிட நிற்கவைத்து அளப்பது நல்லது. வெறுங்காலில் நின்று, குட்டைக் காலுக்கு அடியில் மெல்லிய பலகைகளை ஒவ்வொன்றாக வைத்தபடி, பின்னால் ஒருவர் இடுப்பெலும்பின் இரண்டு பக்கத்திலும் கைவைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு கையும் ஒரே மட்டத்துக்கு வரும்போது பலகைகளின் உயரம்தான் வித்தியாசம். எனக்கு 28 மி.மீ.

இருபத்தெட்டையும் ஏற்றிவிடலாம் என்று குதித்தேன். கேலிப்பர்காரர் வேண்டாம் என்றார். விறைப்பாக இருக்கும் கால் முன்னால் வீசும்போது தரையில் இடிக்காமல் போக வேண்டும், அதற்குக் கொஞ்சம் குட்டையாகவே விட வேண்டும். எட்டு மி.மீ. விட்டுவிட்டு இருபது ஏற்றலாம் என்று பேசி முடித்தோம். இவ்வளவு காலம் குட்டையாகவே நடந்து பழகிய இடுப்பும் முதுகும் ஒரே நாளில் இருபதையும் ஏற்றுக்கொள்ளாது என்றும் சொன்னார். அதைப் பிறகு பார்ப்போம் என்று நினைத்தேன், பிறகு பார்த்தேன், மூன்று நாள் முதுகுவலி. உங்களுக்கு எவ்வளவு என்பதை உங்கள் காலைப் பார்த்தவரிடம் கேளுங்கள், என் எண்ணைக் கடன் வாங்காதீர்கள்.

இருபதில் எவ்வளவு ஷூவுக்கு உள்ளே, எவ்வளவு வெளியே? உள்ளே ஏற்றினால் யாருக்கும் தெரியாது, ஆனால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போனால் குதிகால் ஷூவைவிட்டு மேலே வந்து நழுவும். நான் இடது இன்சோலை எடுத்துவிட்டு 6 மி.மீ. ஈ.வி.ஏ. தகடு ஒன்றை வெட்டிப் போட்டேன். கேலிப்பர் பிளாஸ்டிக் 4 மி.மீ. ஆக உள்ளே பத்து வந்தாயிற்று, வெளியே பத்து போதும் என்று கணக்குப் போட்டேன். பள்ளிக்கூடக் கணக்கில் நான் எப்படி என்று இதிலிருந்தே தெரிந்திருக்கும். வலது ஷூவுக்குள்ளே 5 மி.மீ. இன்சோல் இருக்கிறதே! அதைக் கழித்தால் உள்ளே கிடைத்தது ஐந்துதான். அப்புறம் வலது இன்சோலையும் எடுத்துவிட்டு 2 மி.மீ. தோல் ஒன்றைப் போட்டேன், எட்டு கிடைத்தது. மிச்சம் பன்னிரண்டு வெளியே.

சோலை அறுப்பது

அதற்கு ஷூ தைப்பவர் ஒருவரிடம் போனேன். என் பழைய செங்கல்களுக்கு லேஸ், பட்டை எல்லாம் மாற்றித் தந்தவர்தான்.

"அண்ணே, இந்த சோலை ரெண்டா பொளக்கணும்."

"புது ஷூவா தம்பி இது?"

"ஆமாண்ணே."

"அப்ப எதுக்குப் பொளக்கணும்?"

விஷயத்தைச் சொன்னேன். ஷூவை வாங்கி இரண்டு கையாலும் முறுக்கிப் பார்த்தார், சோலை நகத்தால் அழுத்தினார், மூக்கருகே கொண்டுபோய் மோந்தும் பார்த்தார், ஏன் என்று இன்றுவரை கேட்கவில்லை. "ரப்பரைப் பிரிச்சா திரும்ப ஒட்டுறது கஷ்டம். நுரையை நடுவுல அறுப்போம்," என்றார். அங்கேதான் மீந்த இடது 8 கைகொடுத்தது. முதலில் அதை அறுத்துப் பார்த்தோம். பாதிவரை நேராகப் போன கத்தி வளைவில் கீழே இறங்கி ரப்பரை வெட்டிவிட்டது. நல்லவேளை அது ஒத்திகை.

இரண்டாவது, அசல் ஷூவில், ரப்பருக்கு 6 மி.மீ. மேலே சுற்றிலும் காகித டேப் ஒட்டி அதன் விளிம்பையே கோடாக வைத்துக்கொண்டார். நீளமான மெல்லிய கத்தி. ஒவ்வொரு இழுப்புக்கும் சோப்புத் தண்ணீரில் தோய்த்துக்கொண்டார், ஈரம் இல்லாவிட்டால் நுரை கத்தியைப் பிடித்துக்கொள்ளும். ஒரே மூச்சில் உள்ளே விடவில்லை. முதல் சுற்றில் விளிம்பு முழுக்க ஒரு விரல்கடை ஆழம், அப்புறம் இன்னொரு சுற்று, மையத்தில் கடைசியாகச் சந்திக்கிற மாதிரி. பிரிந்து வந்தபோது இரண்டு முகமும் வெட்டிய சோப்புக்கட்டி போல வழவழப்பாக இருந்தன. எனக்கு உள்ளுக்குள் என்னவோ செய்தது. ஒரு தடவைகூடப் போடாத ஷூ.

எல்லா ஷூவையும் இப்படி அறுக்க முடியாது. சோலுக்குள் காற்றுப் பை இருந்தால் கத்தி பட்டவுடன் கதை முடிந்தது. உள்ளே கூடு கூடாக ஓட்டை விட்டிருக்கும் சோல்களும் வேண்டாம், ஒட்டுவதற்குப் பரப்பே இருக்காது. அலமாரியில் பல வருடம் கிடந்த பாலியூரித்தேன் சோலையும் நம்பாதீர்கள். காற்றின் ஈரமே அதை மெல்ல மெல்லச் சிதைக்கும், போடாமல் வைத்திருந்தாலும் ஒருநாள் பொடிப்பொடியாக உதிரும்.

நடுவில் வைப்பதற்கு 6 மி.மீ. தகடு இரண்டு. உள்ளே போடும் மென்மையான நுரை இதற்கு ஆகாது, கட்டைவிரலால் அழுத்தினால் லேசாகத்தான் அமுங்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் குதிகால் பக்கம் அமுங்கி, போட்ட கணக்கெல்லாம் வீண். பன்னிரண்டும் குதிகாலிலிருந்து முன்பாத மூட்டுவரை ஒரே தடிப்பு, ஏனென்றால் அந்த 10 மி.மீ. வித்தியாசம் மாறக் கூடாது. குதிகாலை மட்டும் தூக்கினால் அந்த ஃபார்மல் ஷூ கதைதான் திரும்பவும்.

ஒட்டுவதில்தான் பொறுமை வேண்டும். சொல்யூஷன் என்று நாம் சொல்லும் அந்த மஞ்சள் பசையை ஒரு பக்கம் தடவி ஈரத்தோடு அமுக்கினால் பிடிக்காது. இரண்டு முகத்தையும் முரட்டு உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, மெல்லிய பூச்சு, காயவிட்டு இன்னொரு பூச்சு. விரலின் பின்பக்கத்தால் தொட்டால் ஒட்டிக்கொண்டு வரக் கூடாது, ஆனால் ஒட்டப் பார்ப்பது போலத் தோன்ற வேண்டும், அதுதான் பதம். எங்களுக்கு அதற்குக் கால்மணி நேரம் ஆனது. பிறகு ஹேர் டிரையரால் லேசாகச் சூடுகாட்டிச் சேர்த்தார். ஒருமுறை தொட்டுவிட்டால் நகர்த்த முடியாது, அதனால் இரண்டு முகத்துக்கும் நடுவே ஒரு காகிதத்தை வைத்து, முன்பக்கத்தைச் சரியாகப் பொருத்தி ஒட்டிவிட்டு, காகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் இழுத்தபடியே போனார். சுத்தியலால் சுற்றிலும் தட்டினார். மறுநாள்வரை போடாதே என்றார்.

பக்கவாட்டை உப்புத்தாளால் தேய்த்து மட்டமாக்கினோம். இப்போது கண்ணுக்கு வருவோம். பன்னிரண்டு மி.மீ. வித்தியாசம் எதிரே நிற்பவருக்குத் தெரியுமா? வெள்ளை சோலாக இருந்தால் கட்டாயம் தெரியும், வெள்ளைப் பட்டை ஒன்றைவிட ஒன்று தடியாக இருப்பதைக் கண் உடனே பிடித்துவிடும். அடர் நிறத்தில், அதுவும் மேல்தோலின் நிறத்துக்குப் பக்கத்தில் இருந்தால் சோல் எங்கே ஆரம்பிக்கிறது என்பதே அவ்வளவாகத் தெரியாது. அதற்காகத்தான் அடர் பழுப்பு. வைத்த தகடு கறுப்பு, அதனால் தோலுக்கு அடிக்கும் சாயத்தை விட்டுவிட்டு நெகிழும் பெயின்ட்டைப் பக்கம் முழுக்கப் பூசினோம். மூன்று ஒட்டுக் கோடுகள் மட்டும் மெல்லிசாகத் தெரிந்தன. அதை மறைக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வலது ஷூவை எடுத்து, கத்தி நுனியால் அதன் சோலிலும் அதே மாதிரி மூன்று கோடு கீறிவிட்டு, "இப்ப ரெண்டும் ஒரு டிசைனு," என்றார். நான் இணையத்தில் மூன்று இரவு தேடியதற்கு அவர் அரை நிமிடத்தில் விடை சொன்னார்.

வாய்

கேலிப்பர் நுழைவதுதான் அடுத்த சண்டை. டெர்பியானாலும் வாய் போதவில்லை. பாதம் கேலிப்பரோடு ஒட்டி விறைப்பாக இருப்பதால் குதிகாலை வளைத்து உள்ளே நுழைக்க முடியாது, மேலிருந்து நேராக இறக்க வேண்டும். ஜிப் வைக்கலாம் என்பதுதான் என் முதல் எண்ணம். முன்பு ஒரு ஷூவில் உள்பக்கம் ஜிப் வைத்து, அது கேலிப்பரின் விளிம்பில் உரசி ஒரு மாதத்தில் பல்லைக் காட்டியது. இந்த முறை அவர் வேறு வழி சொன்னார். பக்கத் தோல்கள் இரண்டும் முன்பக்கத் தோலோடு சேரும் இடத்தில் ஒரு குறுக்குத் தையல் இருக்கும், வாய் அதற்கு மேல் விரியாமல் பிடிப்பது அதுதான். அந்தத் தையலைப் பிரித்து, வாயை 20 மி.மீ. முன்னால், விரல் பக்கமாக இறக்கி, அங்கே மறுபடி தைத்து, கூடுதலாக ஒரு ஜோடி லேஸ் ஓட்டை போட்டார். நாக்கு எட்டவில்லை, அதன் வேரில் அதே நிறத் துண்டு ஒன்றைச் சேர்த்தார். துண்டு எங்கிருந்து? மீந்த வலது 7இன் நாக்கிலிருந்து. நிறம், தடிப்பு, பளபளப்பு எல்லாம் ஒன்றே.

இப்போது நீளமான ஷூ ஹார்னை வைத்தால் ஒரே அழுத்தில் உள்ளே போகிறது. பார்ப்பவருக்கு இடதில் ஆறு ஓட்டை, வலதில் ஐந்து என்று எண்ணினால்தான் வித்தியாசம் தெரியும். இதுவரை யாரும் எண்ணவில்லை.

முன்னால் மிஞ்சும் இடத்தையும் விட்டுவைக்கக் கூடாது. அங்கே ஒன்றும் இல்லாவிட்டால் தோல் அமுங்கிச் சுருங்கும், நான்கு வாரத்தில் அந்த ஷூ மட்டும் கிழடு தட்டிவிடும். மென்மையான நுரையைப் பிறை வடிவில் வெட்டி நுனியில் ஒட்டினேன். கேலிப்பரின் நுனி அதைத் தொட வேண்டும், விரல் தொடக் கூடாது.

முடிந்தது என்று நினைத்து நடந்தேன். முதல் நாளே கால்மிதியில் தடுக்கி, கதவைப் பிடித்ததால் பிழைத்தேன். சோல் தடித்தால் மடங்காது, மடங்காத சோல் நுனியில் இடிக்கும். முன்பாத மூட்டுக்குக் கொஞ்சம் பின்னாலிருந்து நுனிவரை அடிப்பக்கத்தைப் படகு மாதிரி வளைத்துச் சீவ வேண்டும், அப்போதுதான் கால் உருண்டு போகும். இது எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன், சொல்ல மறந்துவிட்டேன். மறுபடி போய், அந்தப் பகுதி ரப்பரை மட்டும் பிரித்து, நுரையை மூட்டிலிருந்து சரிவாகத் தேய்த்து, வைத்த தகடு நுனியில் 3 மி.மீ.க்கு வரும்வரை குறைத்து, ரப்பரைத் திரும்ப ஒட்டினோம். முதலிலேயே செய்திருந்தால் ஒரு ஒட்டோடு போயிருக்கும்.

அந்தக் கூடுதல் ஒட்டுதான் ஆறாவது வாரம் வாய் பிளந்தது. பேசிக்கொண்டே நடக்கும்போது இடது பக்கம் சப் சப் என்று சத்தம். பிரித்துப் பார்த்தால் நுரை பக்கம் பசை நன்றாகப் பிடித்திருக்கிறது, ரப்பரின் வளைவில் ஒரு இடம் மட்டும் பளபளவென்று இருக்கிறது. அங்கே உப்புத்தாள் படவே இல்லை. பளபளப்பான பரப்பின் மேல் பசை ஏறாது. தேய்த்து, துடைத்து, இரண்டு பூச்சு பூசி ஒட்டியதில் இதுவரை நிற்கிறது.

பழக்கியது எப்படி என்றால், முதல் நாள் வீட்டுக்குள் அரைமணி நேரம், பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டி. ஒவ்வொரு முறையும் கழற்றிக் கேலிப்பர் படும் இடங்களைப் பார்த்தேன். சிவப்பு இருந்தால் அரைமணிக்குள் மறைய வேண்டும், மறையாவிட்டால் அங்கே அழுத்துகிறது என்று அர்த்தம். எனக்குக் கணுக்கால் எலும்பின் மேல் ஒரு இடம் மறையவில்லை, ஷூவின் காலர் அங்கே கேலிப்பரை உள்ளே தள்ளியது, ஷூ தோலை அந்த இடத்தில் மட்டும் நனைத்து விரித்தோம். இளம்பிள்ளை வாதம் தசையைத்தான் கெடுக்கும், உணர்ச்சியைத் தொடாது, அதனால் வலித்தால் எனக்குத் தெரிந்துவிடும். சர்க்கரை நோயாலோ தண்டுவட அடியாலோ காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு அந்த மணி அடிக்காது. அவர்கள் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும், அடிப்பக்கம் தெரியாவிட்டால் கண்ணாடி வைத்தாவது.

இத்தனை அறுப்பும் ஒட்டும் எல்லாருக்கும் தேவைப்படாது. கால் நீளம் சரியாக இருந்து, மாட்டுவதும் கட்டுவதும் மட்டும்தான் கஷ்டம் என்றால் இப்போது வழி நிறைய இருக்கிறது. பெருமூளை வாதம் உள்ள மேத்யூ வால்சர் என்ற இளைஞர், கல்லூரிக்குப் போனால் தன் ஷூ லேஸை இன்னொருவர் கட்டிவிட வேண்டியிருக்குமே என்று 2012இல் நைக்கிக்குக் கடிதம் எழுதினார். அதிலிருந்து வந்ததுதான் 2015இன் ஃப்ளைஈஸ், பின்பக்கம் ஜிப்பைச் சுற்றி இழுத்துத் திறக்கும் ஷூ. சக்கர நாற்காலி பயன்படுத்தும் பில்லி பிரைஸ் தொடங்கிய பில்லி ஷூக்களில் ஜிப் பக்கவாட்டிலிருந்து விரல் நுனியைச் சுற்றிப் போகும், மேல்பகுதி மூடி மாதிரி முழுசாகத் திறந்துவிடும், கேலிப்பரோடு காலை அப்படியே உள்ளே வைத்து மூடலாம். வீட்டில் அந்த ஜாதி ஷூ ஒன்று வைத்திருக்கிறேன், அவசரத்துக்கு அதுதான். மேடைக்கு எனக்கு அது பிடிக்கவில்லை, அவ்வளவுதான். எலாஸ்டிக் லேஸையும் முயன்றேன். வலது காலுக்கு அருமை. இடதில் ஒவ்வொரு அடிக்கும் கேலிப்பர் கொஞ்சம் மேலே எழும்பி இறங்கியது, சாதாரணப் பருத்தி லேஸுக்கே திரும்பிவிட்டேன்.

ஒரு வேடிக்கை. எல்லாம் முடிந்து புது ஷூவோடு நல்ல பேன்ட்டைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தால் இடது பக்கம் கணுக்காலுக்கு மேலே நிற்கிறது, உள்ளேயிருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் எட்டிப்பார்க்கிறது. எனக்குத் தைக்கும் தையல்காரர் இத்தனை வருடமாக, ஒரு வார்த்தை சொல்லாமல், இடது காலை இரண்டு சென்டிமீட்டர் குட்டையாகவே வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார். மடிப்பில் துணி இருந்த பேன்ட்டுகளை இறக்கிவிட்டார். மற்றதெல்லாம் செங்கல்களோடு சேர்த்துக் கட்டிவைத்திருக்கிறேன். இனி அளவு கொடுக்கும்போது இந்த ஷூவைப் போட்டுக்கொண்டுதான் போகிறேன்.

பேச வேண்டிய நாளும் வந்து போனது, நன்றாகப் பேசினேனா தெரியாது. இறங்கி வந்ததும் ஒருவர் ஷூவைக் காட்டி எங்கே வாங்கினீர்கள் என்றார். நான் இரண்டு ஜோடி, கத்தி, சொல்யூஷன் என்று ஆரம்பித்ததும் அவர் பாவம், நின்றுகொண்டே கேட்டார்.

இப்போது எட்டு மாதம். இடது நுனியில் ரப்பர் வெளிப்பக்கமாகத் தேய்ந்து நுரை தெரிய ஆரம்பித்திருக்கிறது, என் நடைக்கு அது அங்கேதான் தேயும். அலமாரியில் இருக்கும் வலது 7இன் அடி ரப்பர் இன்னும் புதுசு, அதே வரிகள், அதே நிறம். நாக்கில்லாமல் கிடக்கிறது. அடுத்த வாரம் அதன் முன்பக்கத்திலிருந்து ஒரு துண்டு வெட்ட வேண்டும். இந்த முறை உப்புத்தாளை நான் பிடித்துக்கொள்கிறேன் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.